மெதுவோட்டக் கோளாறு (மாதிரி வானூர்திப் பொறி)

மெதுவோட்டக் கோளாறு என்பது, மாதிரி வானூர்திகளில் பயன்படும் சிறு உள் எரி பொறி ஒன்று, திராட்டில் மூடிய நிலையில் சீராகச் சுழலாமல் தடுமாறுவதையோ நின்றுவிடுவதையோ குறிக்கும். பொறியியலாளரும் பட்டறைக்காரரும் இதனை "ஐட்லிங் நிற்கவில்லை" என்பர். ஏற்கனவே ஒருவர் பயன்படுத்திக் கைமாறிய பொறிகளில் இக்கோளாறு மிகுதியாகக் காணப்படுகிறது. பொறியின் பழுது, எரிபொருளின் தரம், கலவையின் அளவு, இயக்கப்படும் இடத்தின் உயரம் ஆகிய நான்கும் இதற்குக் காரணமாகலாம். இக்கட்டுரை 6 முதல் 8 கன செ.மீ. கொள்ளளவுள்ள இரு வீச்சு குளோ பொறிகளை முதன்மையாகக் கொண்டு இக்கோளாற்றை விளக்குகிறது. உயரத்தின் விளைவுக்குப் பழனி மலைகளும் கொடைக்கானலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன.

முக்கியத்துவம்

மாதிரி வானூர்தி தரையிறங்கும்போது பொறி மெதுவோட்டத்தில் இருக்கும். அணுகுமுறை தவறினால் இயக்குபவர் திராட்டிலைத் திறந்து மீண்டும் மேலெழச் செய்வார். அந்நேரத்தில் பொறி நின்றுவிட்டால் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. சமவெளியில் இதனால் வானூர்தி ஏதேனும் ஒரு வயலில் இறங்கக்கூடும். மலைப்பகுதியில் அது சோலைக்காட்டிலோ பள்ளத்தாக்கிலோ விழுந்து, திரும்ப எடுக்க இயலாது போகும். எனவே மலைப்பகுதியில் முழுவேகத் திறனைக் காட்டிலும் நம்பத்தக்க மெதுவோட்டமே முதன்மையானது.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அடர்த்தி குறைந்த காற்றில் அதே இறக்கை அதே எடையைத் தாங்குவதற்குக் கூடுதல் வேகம் தேவை. பழனி நகரில் தரையிறங்கும் வேகத்தைவிடக் கொடைக்கானலில் தரையிறங்கும் வேகம் ஏறத்தாழ 9 விழுக்காடு அதிகமாக இருக்கும். மெதுவோட்டத்தைக் குறைக்க இயலாத பொறி, வானூர்தியை மேலும் வேகமாக இழுத்துச் செல்லும்.

வரலாறு

1946இல் இங்கிலாந்தில் வெளிவந்த மில்சு போன்ற சிறு "டீசல்" பொறிகள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவற்றின் கலவையில் இயங்கின. இவற்றின் வடிவத்தைத் தழுவிய பொறிகள் பின்னர்க் கொல்கத்தாவில் அரோரா என்ற பெயரில் உருவாக்கப்பட்டன. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டு வந்தார். மின்பொறிச் சுருளும் மின்கலமும் வானூர்தியில் சுமக்கப்பட வேண்டிய தேவை இதனால் நீங்கியது. 1936இல் தொடங்கப்பட்ட சப்பானிய நிறுவனமான ஓ.எசு. உள்ளிட்ட பலரது குளோ பொறிகள் உலகெங்கும் பரவின. இந்தியாவில் தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் மாதிரி வானூர்திக் கலை பயிற்சியின் ஒரு பகுதியாக உள்ளது.

2000களில் லித்தியம் பாலிமர் மின்கலங்களும் தூரிகையற்ற மின்னோடிகளும் பரவியபின் பலர் மின்சார வானூர்திக்கு மாறினர். அதனால் அலமாரிகளில் பல ஆண்டுகள் கிடந்த குளோ பொறிகள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. இவற்றை வாங்கும் மாணவர்கள் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் மெதுவோட்டக் கோளாறே ஆகும்.

இயங்கும் முறை

குளோ பொறியின் எரிபொருள் மெத்தனால், நைட்ரோமெத்தேன், எண்ணெய் ஆகிய மூன்றும் கலந்தது. பொதுப் பயன்பாட்டுக்கான கலவையில் நைட்ரோமெத்தேன் 5 முதல் 15 விழுக்காடும், எண்ணெய் 18 முதல் 20 விழுக்காடும் இருப்பது வழக்கம். எண்ணெய் என்பது விளக்கெண்ணெயாகவோ, செயற்கை எண்ணெயாகவோ, இரண்டும் கலந்ததாகவோ இருக்கலாம்.

பிளக்கினுள் பிளாட்டினக் கலப்புலோகத்தாலான நுண்சுருள் உள்ளது. தொடக்கத்தில் ஏறத்தாழ 1.5 வோல்ட் மின்கலம் இச்சுருளைச் சூடாக்குகிறது. பொறி இயங்கத் தொடங்கியபின் மின்கலம் நீக்கப்படும். அதன்பின் எரிதலின் வெப்பமும், பிளாட்டினப் பரப்பில் மெத்தனால் ஆவி அடையும் வினையூக்க மாற்றமும் சுருளைத் தொடர்ந்து ஒளிரச் செய்கின்றன. முழுவேகத்தில் வெப்பம் போதிய அளவு கிடைக்கும். மெதுவோட்டத்தில் எரியும் கலவை குறைவு. எனவே சுருள் குளிர்ந்து அணையும் வாய்ப்பு எப்போதும் உண்டு. மெதுவோட்டக் கோளாறுகள் பலவற்றின் அடிப்படை இதுவே.

0.40 முதல் 0.46 கன அங்குலப் பொறி ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,200 முதல் 3,000 சுற்றுகளில் சீராக மெதுவோட்டம் செய்தல் வேண்டும்.

கார்புரேட்டர் வகைகள்

கார்புரேட்டரின் நடுவே துளையுள்ள உருளை ஒன்று சுழன்று காற்றின் வழியைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. முழுவேகக் கலவையை முதன்மை ஊசி கட்டுப்படுத்துகிறது. மெதுவோட்டக் கலவையைக் கட்டுப்படுத்த இருவகை அமைப்புகள் உள்ளன.

1. காற்றுத் திருகு வகை: கார்புரேட்டரின் முன்புறம் உள்ள சிறு துளை வழியே கூடுதல் காற்று உட்புகும். திருகை வெளியே திருப்பினால் காற்று மிகும். கலவையில் எரிபொருள் குறையும். ஓ.எசு. 46 எல்.ஏ. போன்ற பொறிகள் இவ்வகையின.

2. இரட்டை ஊசி வகை: முதன்மை ஊசிக்கு எதிர்ப்புறம் மெதுவோட்ட ஊசி இருக்கும். இதனை வெளியே திருப்பினால் எரிபொருள் மிகும்.

இவ்விரு வகைகளிலும் திருகின் திசை நேர்மாறானது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பழைய பொறியை வாங்கியவர் வகையறியாமல் திருகைத் திருப்பிக் கோளாற்றைப் பெருக்கிக்கொள்வது பொதுவாக நிகழும் தவறு ஆகும். முன்புறம் சிறு காற்றுத் துளை இருந்தால் அது முதல் வகை. துளை இன்றி உருளையின் மையத்தில் திருகு இருந்தால் அது இரண்டாம் வகை.

இவை தவிர, உருளை எந்த அளவு மூடலாம் என்பதை வரையறுக்கும் நிறுத்தத் திருகும் சில கார்புரேட்டர்களில் உண்டு. இது வேகத்தை மட்டும் மாற்றும், கலவையை மாற்றாது.

சோதிக்கும் வரிசை

கோளாறு கண்டவுடன் திருகைத் தொடுதல் கூடாது. எளிதாகச் சோதிக்கத்தக்கவற்றை முதலில் பார்த்து, பொறியைப் பிரிக்கும் வேலையைக் கடைசிக்கு ஒதுக்குவதே முறை.

பிளக்

பிளக்கைக் கழற்றி மின்கலத்துடன் இணைத்தால் சுருள் முழுவதும் செம்மஞ்சளாக ஒளிர வேண்டும். ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தாலோ, சுருள் நசுங்கியோ வெண்மையாகவோ இருந்தாலோ மாற்றுதல் வேண்டும். ஒளிர்ந்தாலும் சுருளின் வினையூக்கத் திறன் குறைந்திருக்கக்கூடும். ஆகவே பழைய பொறி வாங்கியவுடன் புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது காலத்தை மிச்சப்படுத்தும். மின்கலம் இணைந்திருக்கும்வரை நன்றாக ஓடி, நீக்கியவுடன் வேகம் குறைந்தால், பிளக் கெட்டுள்ளது அல்லது கலவையில் எரிபொருள் மிகுந்துள்ளது எனக் கொள்ளலாம்.

எரிபொருள்

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. மூடி சரியாக இறுகாத கலத்தில் இருந்த எரிபொருளில் நீர் சேர்ந்து மெதுவோட்டத்தைக் கெடுக்கும். மூடுபனி அடிக்கடி சூழும் கொடைக்கானல் போன்ற இடங்களில் இது குறிப்பிடத்தக்க காரணம் ஆகும். புதிதாகத் திறந்த எரிபொருளைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே பொறியைக் குறை கூறுதல் தகும்.

கலமும் குழாயும்

எரிபொருள் கலத்தினுள் எடைமுனையுடன் கூடிய மென்குழாய் இருக்கும். இதில் ஊசித்துளை அளவு கிழிசல் இருந்தாலும் குழாயினுள் காற்றுக் குமிழ் புகும். கலத்தை நீரில் அமிழ்த்தி, மற்ற குழாய்களை அடைத்து, ஒரு குழாய் வழியே மருந்தூசி உருளையால் காற்றைச் செலுத்தினால் கலத்தின் கசிவைக் காணலாம். மெத்தனால் நச்சு ஆகையால் வாயால் ஊதுதல் கூடாது. உள்ளிருக்கும் மென்குழாயைத் தனியே எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஐயம் இருப்பின் மாற்றிவிடலாம்.

கலத்தின் நடுக்கோடு ஊசியின் மட்டத்திலோ, அதற்குச் சுமார் 1 செ.மீ. கீழேயோ அமைதல் வேண்டும். கலம் உயர்ந்திருந்தால் மெதுவோட்டத்தில் எரிபொருள் தானாக வழிந்து பொறியை மூழ்கடிக்கும். கலத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையே பஞ்சுப்பட்டை இல்லையெனில் அதிர்வால் எரிபொருள் நுரைக்கும். சைலன்சரிலிருந்து கலத்துக்குச் செல்லும் அழுத்தக் குழாய் அடைபடாமல் உள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

காற்றுக் கசிவு

கார்புரேட்டரின் அடியிலுள்ள ஓ-வளையம், பின்மூடியின் கேஸ்கட், ஊசியின் வளையம் ஆகியவை காலப்போக்கில் இறுகி வெடிக்கும். அவ்வழியே புகும் காற்று முழுவேகத்தில் பெரிதாகத் தெரியாது. மெதுவோட்டத்தில் உட்செல்லும் காற்று மிகக் குறைவாதலால் சிறு கசிவும் கலவையைக் குலைத்துவிடும். ஒரு முறை நன்றாகவும் மறு முறை மோசமாகவும் ஓடி, எத்திருகுக்கும் கட்டுப்படாத பொறியில் கசிவை ஐயுறுதல் வேண்டும். பொறியை நிறுத்தி, இணைப்புகளில் எண்ணெய்த் துளி இட்டு, சுழல்விசிறியைக் கையால் திருப்பினால் கசியும் இடத்தில் குமிழ் தோன்றும்.

பிசினும் துருவும்

விளக்கெண்ணெய் சூட்டில் பழுப்புநிறப் பிசினாகி உலோகத்தில் ஒட்டும். பல ஆண்டுகள் கிடந்த பொறியில் இப்பிசின் மெதுவோட்டத்துக்கான நுண்துளைகளை அடைத்துவிடும். கார்புரேட்டரைப் பிரித்து, ரப்பர் வளையங்களை நீக்கி, மெத்தனாலில் ஊறவைத்துக் காற்றடித்துத் துடைத்தல் வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகும். ஆகவே அதைத் தவிர்த்தல் வேண்டும்.

ஓட்டியபின் எஞ்சிய எரிபொருளை எரித்து முடிக்காமல் வைத்த பொறியில் பின் பேரிங் துருப்பிடித்திருக்கும். சுழற்றும்போது கரகரப்பு, வெளியேறும் எண்ணெயில் கருமை அல்லது செம்பழுப்பு நிறம் ஆகியவை இதன் அறிகுறிகள். இத்தகைய பேரிங்கை மாற்றாமல் ஓட்டினால் அதன் துகள்கள் பிஸ்டனையும் லைனரையும் கீறிவிடும்.

அழுத்தம்

மின்கலத்தை இணைக்காமல், சுழல்விசிறியைக் கையால் மெல்லத் திருப்பினால் பிஸ்டன் மேலேறும்போது வலுவான எதிர்ப்பு தோன்ற வேண்டும். எதிர்ப்பின்றி "புசு" என்ற ஒலியுடன் கடந்துவிட்டால் பிஸ்டனும் லைனரும் தேய்ந்துள்ளன. அத்தகைய பொறிக்குத் திருகினால் தீர்வில்லை. பித்தளை லைனரில் குரோமியம் பூசிய வகைப் பொறிகள் குளிர்ந்த நிலையில் உச்சியில் இறுகுவது இயல்பு, அது பழுதன்று.

சுழல்விசிறி

மெதுவோட்டத்தில் சுழல்விசிறி சமன்சக்கரமாகவும் செயல்படுகிறது. அளவுக்கு மீறிச் சிறியதோ எடை குறைந்ததோ ஆன விசிறியைப் பூட்டினால், பழுதற்ற பொறியும் மெதுவோட்டத்தில் துடித்து நிற்கும். சமநிலையற்ற விசிறி அதிர்வை உண்டாக்கி எரிபொருளை நுரைக்கச் செய்யும்.

கலவையைச் சரிசெய்தல்

மேற்கூறிய அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே திருகைத் தொடுதல் வேண்டும்.

1. பொறியை ஓட்டிச் சூடாக்கி, முதன்மை ஊசியை முதலில் சரிசெய்தல் வேண்டும். முழுவேகத்தில் உச்சச் சுற்றை அடைந்தபின், 200 முதல் 300 சுற்றுகள் குறையும் அளவுக்கு ஊசியைத் திறத்தல் வேண்டும்.

2. வானூர்தியின் மூக்கை மேல்நோக்கித் தூக்கும்போது வேகம் தளர்ந்து இறங்குதல் கூடாது.

3. காற்றுத் திருகு வகையில், திருகு துளையின் பாதியை மறைக்கும் நிலை நல்ல தொடக்கம் ஆகும்.

4. திராட்டிலை மூடி 10 முதல் 15 நொடிகள் மெதுவோட்டம் செய்யவிட்டு, எரிபொருள் குழாயைக் கார்புரேட்டர் அருகே விரலால் நசுக்குதல் வேண்டும். வேகம் சற்று உயர்ந்து பின் நின்றால் கலவையில் எரிபொருள் மிகுதி. உயராமல் உடனே நின்றால் எரிபொருள் குறைவு.

5. மீண்டும் ஓட்டி, மெதுவோட்டத்திலிருந்து திராட்டிலைத் திறக்கையில் புகை கக்கித் திணறி மெல்ல எழுந்தால் எரிபொருள் மிகுதி. ஒலியின்றிச் சட்டென அறுந்து நின்றால் எரிபொருள் குறைவு.

6. ஒரு நேரத்தில் எட்டில் ஒரு சுற்று மட்டுமே திருப்பி, ஒவ்வொரு முறையும் மேற்கண்ட சோதனைகளை மீண்டும் செய்தல் வேண்டும்.

7. கலவை சரியானபின் நிறுத்தத் திருகால் வேகத்தை அமைத்துக்கொள்ளலாம். இறுதியில் முதன்மை ஊசியை மீண்டும் ஒரு முறை சரிபார்த்தல் வேண்டும்.

உயரத்தின் விளைவு: பழனி மலைகள்

பழனி மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீளும் கிளை ஆகும். வடக்கு அடிவாரத்திலுள்ள பழனி நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 320 மீட்டர் உயரத்தில் உள்ளது. கொடைக்கானல் நகரின் உயரம் சுமார் 2,133 மீட்டர். 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அதனினும் உயரமாக, 2,343 மீட்டரில் அமைந்துள்ளது. சில மணி நேரச் சாலைப் பயணத்தில் ஒரு பொறி 1,800 மீட்டர் உயர்த்தப்படுகிறது.

திட்ட வளிமண்டலக் கணக்கின்படி காற்றழுத்தம் பழனியில் ஏறத்தாழ 975 மில்லிபாரும், கொடைக்கானலில் ஏறத்தாழ 780 மில்லிபாரும் ஆகும். பழனியில் 30 பாகை செல்சியசு, கொடைக்கானலில் 15 பாகை செல்சியசு எனக் கொண்டால், மலைமேல் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்று அடர்த்தியை ஓரளவு ஈடுசெய்தும் இவ்வளவு குறைகிறது. இதனால் விளைவன:

கலவை மாறுதல்: கார்புரேட்டருள் செல்லும் காற்றின் நிறை அடர்த்தியின் விகிதத்தில் குறைகிறது. எரிபொருளோ அடர்த்தியின் வர்க்கமூல விகிதத்தில் மட்டுமே குறைகிறது. ஆகவே அடர்த்தி 16 விழுக்காடு குறைந்தால், காற்றுக்கு எரிபொருளின் விகிதம் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். அடிவாரத்தில் செம்மையாக ஓடிய பொறி மலைமேல் புகைத்துத் திணறுவது இதனால்தான். இது பழுதன்று.

அழுத்தம் குறைதல்: உருளைக்குள் புகும் காற்று குறைவாதலால் அமுக்க முடிவில் அழுத்தமும் குறைகிறது. குளோ பொறியில் பற்றும் நேரத்தை அழுத்தமும் வெப்பமுமே முடிவு செய்வதால், எரிதல் பிந்துகிறது. மெதுவோட்டத்தில் இது கூடுதலாக வெளிப்படும்.

குளிர்: மெத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தேவை. கொடைக்கானலின் குளிர்காலக் காலைகளில் வெப்பநிலை 10 பாகையை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பதுண்டு. அப்போது எரிபொருள் துளிகளாகவே தங்கிப் பிளக்கை நனைத்து அணைத்துவிடும்.

தீர்வாக முதன்மை ஊசியைச் சற்று உள்ளே திருப்புதல் வேண்டும். மெதுவோட்டத்துக்குக் காற்றுத் திருகு வகையில் திருகை வெளியேயும், இரட்டை ஊசி வகையில் ஊசியை உள்ளேயும் திருப்புதல் வேண்டும். கூடுதல் சூடு தாங்கும் "ஹாட்" வகைப் பிளக்கும், நைட்ரோமெத்தேன் 10 முதல் 15 விழுக்காடு கொண்ட எரிபொருளும் உதவும்; நைட்ரோமெத்தேன் மூலக்கூறு தன்னுள்ளேயே ஆக்சிசனைக் கொண்டது. பொறியை ஓரிரு நிமிடங்கள் நடுவேகத்தில் சூடாக்கியபின்னரே மெதுவோட்டத்தை மதிப்பிடல் வேண்டும்.

மலையிறங்கும்போது இம்மாற்றங்களைத் திரும்பச் செய்தல் இன்றியமையாதது. கொடைக்கானலுக்கு அமைத்த ஊசியுடன் பழனியிலோ வத்தலக்குண்டிலோ முழுவேகத்தில் ஓட்டினால் எரிபொருள் குறைந்து, அதனுடன் எண்ணெயும் குறைந்து, பொறி மிகைச்சூடேறிப் பிஸ்டன் இறுகக்கூடும். மலையேறும்போது செய்யத் தவறினால் பொறி திணறும். இறங்கும்போது செய்யத் தவறினால் பொறி அழியும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ஊசி எத்தனை சுற்றுத் திறந்துள்ளது என்பதைக் குறித்து வைப்பது நற்பழக்கம் ஆகும்.

அறிகுறிகளும் காரணங்களும்

மின்கலம் நீக்கியவுடன் நிற்றல்: பழைய பிளக், எரிபொருள் மிகுந்த கலவை.
திறக்கும்போது புகைத்துத் திணறுதல்: எரிபொருள் மிகுதி, உயரம், கலம் உயர்ந்திருத்தல்.
திறக்கும்போது சட்டென நிற்றல்: எரிபொருள் குறைவு, குழாயில் அடைப்பு.
வேகம் தானாக ஏறி இறங்குதல்: காற்றுக் கசிவு; கலத்தின் மென்குழாயில் கிழிசல்; நுரை.
சூடானபின் மட்டும் நிற்றல்: பிஸ்டன், லைனர் தேய்மானம்.
காலையில் மட்டும் மோசமாதல்: குளிர்; எரிபொருளில் ஈரம்.

பாதுகாப்பு

மெத்தனால் கொடிய நச்சு. விழுங்கினால் பார்வையும் உயிரும் போகும். 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்குவதும் வைத்திருப்பதும் அரசின் உரிமக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எரிபொருளை ஒருபோதும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைத்தல் கூடாது. பெயர் எழுதிய கலத்தில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். மெத்தனாலின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது.

பொறி ஓடும்போது சுழல்விசிறிக்கு முன்னோ பக்கவாட்டிலோ நிற்காமல், பின்புறமிருந்தே திருகுகளைத் தொடுதல் வேண்டும். குழாயை நசுக்கும் சோதனையிலும் கை பின்புறமிருந்தே செல்லல் வேண்டும். வானூர்தியை ஒருவர் பிடித்திருத்தல் அவசியம்.

கொடைக்கானலைச் சூழ்ந்த காடுகளின் பெரும்பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வனத்துறையின் அனுமதியின்றி வானூர்தியைப் பறக்கவிடுதலும், விழுந்ததைத் தேடி நுழைதலும் கூடாது. பறக்கவிடும் முன் 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளையும், அப்பகுதிக்கான வான்வெளி வரைபடத்தையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பராமரிப்பு

நாளின் இறுதியில் எரிபொருள் குழாயைக் கழற்றி, பொறி தானாக நிற்கும்வரை ஓடவிடல் வேண்டும். பின்னர்ப் பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில துளிகள் காப்பு எண்ணெய் இட்டுச் சுழற்றி, துணியில் சுற்றி வைத்தல் வேண்டும். ஈரப்பதம் மிகுந்த மலைப்பகுதியில் இவ்வழக்கத்தைக் கைவிட்டால், பேரிங் விரைவில் துருவேறும். அடுத்து வாங்குபவரும் மெதுவோட்டக் கோளாற்றுடனேயே தொடங்க வேண்டியிருக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

உள் எரி பொறி
கார்புரேட்டர்
மெத்தனால்
பழனி மலைகள்
கொடைக்கானல்